தவறும் குழந்தையிடம் ஆசிரியர் எப்படி நடக்கிறார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே, யு.கே.ஜி.யிலும் ஒன்றாம் வகுப்பிலும் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் ஆசிரியரை எடைபோடத் தொடங்கிவிடுகிறார்கள். நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது, எழுத்து கோட்டுக்குள் நிற்கிறதா, மிஸ் சரளமாக ஆங்கிலம் பேசுகிறாரா என்பவைதான் அளவுகோல்கள். கண்ணுக்கு எளிதில் தெரிவதாலேயே இவை முக்கியமாகிவிடாது. ஐந்தாறு வயதுக் குழந்தையின் ஆசிரியரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழந்தை தவறு செய்யும்போது அவர் என்ன செய்கிறார்?

அந்த வயதில் தவறு செய்யாமல் கற்க வழியே இல்லை. 3 என்ற எண்ணைத் திருப்பிப் போடுவதும் ‘ன’வும் ‘ண’வும் குழம்புவதும் இயல்பு. அதற்குத் திட்டு விழுந்தால், கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்தெழுதுவதே பாதுகாப்பு என்று குழந்தை கண்டுகொள்ளும். நோட்டு நிரம்பும், படிப்பு ஏறாது. பிரிட்ஜெட் ஹேம்ரேவும் ராபர்ட் பியான்டாவும் 2001-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, 179 குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் ஆசிரியருடனான உறவு மோதலாக இருந்ததற்கும், பின்னாளில் படிப்பிலும் நடத்தையிலும் தோன்றிய சிக்கல்களுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. ஓர் ஆசிரியரால் ஒரு குழந்தையின் தலைவிதியே தீர்மானமாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அந்த உறவை அற்பமென ஒதுக்க முடியாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஆசிரியர் ஒரேபோலப் பொருந்துவதும் இல்லை. 1956-இல் நியூயார்க்கில் நீண்டகால ஆய்வைத் தொடங்கிய அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் வலியுறுத்தியது இதைத்தான்: குழந்தையின் சுபாவமும் சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பும் பொருந்த வேண்டும். உரத்த குரலும் வேகமும் துறுதுறுப்பான பிள்ளைக்கு உற்சாகம் தரலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை வாயடைக்க வைக்கலாம். எனவே ‘நல்ல மிஸ்’ என்ற பக்கத்து வீட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது.

கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தடயங்கள் இருக்கின்றன. நோட்டில் சிவப்பு மையால் அடித்ததோடு நின்றிருக்கிறதா, பக்கத்தில் சரியான வடிவம் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடும் பிள்ளை கையில் எடுப்பது சாக்பீஸா, குச்சியா என்று கவனியுங்கள். பெற்றோர் கூட்டத்தில் “எங்கே தடுமாறுகிறாள், அப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள், குழந்தையை அறிந்தவரிடமிருந்து குறிப்பான பதில் வரும். முதல் சில வாரத்து அழுகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. புது இடத்தில் குழந்தை அழத்தான் செய்யும். மாதங்கள் கடந்தும் அச்சம் தணியாவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

கண்டிப்பு இல்லாமல் படிப்பு வருமா என்பது இன்னொரு ஆட்சேபம். கண்டிப்பு தேவைதான். தவறிய சொல்லை மீண்டும் எழுதச் சொல்வது கண்டிப்பு. தவறைக் காட்டி வகுப்பையே சிரிக்க வைப்பது அவமதிப்பு. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஐம்பது பிள்ளைகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவரை மட்டும் குறை சொல்லலாமா என்ற கேள்வியோ முழுக்க நியாயமானது. தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதே அந்தச் சட்டத்தின் கணக்கு. அது மீறப்பட்டால் நிர்வாகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு அரசுப் பள்ளிகளில் இருப்பதும் இதற்காகத்தான்.

பொருத்தம் சரியில்லை என்று தோன்றினால் உடனே டி.சி. வாங்க ஓட வேண்டியதில்லை. குழந்தையின் சுபாவத்தை எடுத்துச் சொன்னால், பல ஆசிரியர்கள் அதற்கேற்ப அணுகுமுறையை மாற்றிக்கொள்வார்கள். அதற்குச் சில வாரம் பொறுக்கலாம். ஆனால் அடியும் அவமானமும் பொருத்தம் சார்ந்த விஷயங்கள் அல்ல. அவற்றுக்கு அவகாசம் கொடுக்காமல் தலைமையாசிரியரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்வது பெற்றோரின் கடமை.