சம்பளத்துக்கு அந்நியர், நட்டஈட்டுக்கு உரியவர்

2022 ஜூனில் தென் கொரியாவின் கோஜே தீவிலுள்ள டேவூ கப்பல் கட்டும் தளத்தில் ஒரு வெல்டிங் தொழிலாளி, கட்டிமுடியாத எண்ணெய்க் கப்பலின் அடியில் ஒரு மீற்றர் நீள, அகல, உயரமுள்ள இரும்புக் கூண்டமைத்துத் தன்னை அதற்குள் அடைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலில் இருந்தவர். அவரும் தோழர்களும் கேட்டது புதிய சலுகையல்ல. கப்பல் தொழில் சரிந்த காலத்தில் தம்மிடமிருந்து பறிபோனதாகக் கூறிய 30 வீதச் சம்பளத்தைத் திருப்பித் தரும்படியே கேட்டனர்.

அச்சரிவின்போது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆனால் அவர்களிற் பெரும்பாலோரைத் தளம் பணிநீக்கம் செய்ததாக எந்த ஏட்டிலும் இராது. துணை ஒப்பந்த நிறுவனம் மூடப்படும், அவ்வளவுதான். பின்னர் அதே கப்பலுக்கு அதே மனிதர் வேறொரு சிறு நிறுவனத்தின் ஆளாக வருவார். அந்நிறுவனத்தை நடத்துபவர், பல சமயங்களில், தளத்தின் முன்னாள் மேற்பார்வையாளர். அதற்கும் கீழே, வேலையின் அளவுக்குக் கூலி பேசும் குழுக்கள். ஓராண்டு நிறையாவிட்டால் சட்டப்படியான பணிக்கொடையும் இல்லை. நம் நாட்டில் 'மேன்பவர்' என்று சொல்லப்படுவதன் மூத்த சகோதரன் இது.

சம்பளம் கேட்டபோது தளம், "நீங்கள் எமது ஊழியரல்லர்" என்ற நிலைப்பாட்டில் நின்றது. சிறு நிறுவனங்களோ, தளம் தரும் ஒப்பந்தத் தொகைக்கு மேல் எப்படிக் கொடுப்பது என்றன. தளத்தின் பெரும்பங்கு அப்போது அரச அபிவிருத்தி வங்கியின் கையில் இருந்தது. அதுவும் பேச்சு மேசைக்கு வரவில்லை. 51 நாட்களின் பின் 4.5 வீத உயர்வோடு போராட்டம் முடிந்தது. அடுத்த மாதமே தளம் சங்கத் தலைவர்கள் ஐவர் மீது 4,700 கோடி வொன் நட்டஈடு கோரி வழக்கிட்டது. சம்பளம் பேச உறவில்லாதவர்கள், நட்டம் கட்ட மட்டும் உரியவர்களானார்கள்!

இம்முரணைத் தீர்க்க வந்ததே 'மஞ்சள் உறை' எனப்படும் சட்டம். வேலை நிபந்தனைகளை உண்மையில் தீர்மானிக்கும் தாய் நிறுவனமும் பேச்சுக்கு வரவேண்டும், வேலைநிறுத்தத்துக்கான நட்டஈட்டு வழக்குகளுக்கு வரம்பு வேண்டும் என்கிறது அது. ஜனாதிபதி யூன் சுக் இயோல் அதனை இருமுறை தடுத்தார். 2026 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் வகையில் 2025 ஆகஸ்டில் அது நிறைவேறியது. முதலீடு ஓடிவிடும் என்று வர்த்தக சம்மேளனங்கள் எச்சரித்தன. தளத்தை நம்பி வாழ்ந்தவர்கள் ஓடியபோது இந்த எச்சரிக்கை எழவில்லை.

ஆம், அவர்கள் ஓடினார்கள். கட்டட வேலைக்குப் போன பல வெல்டர்கள் கட்டளைகள் குவிந்த பின்னரும் திரும்பவில்லை. கூலியை உயர்த்தி அவர்களை அழைப்பதற்குப் பதிலாக வெளிநாட்டு விசாக்களே தாராளமாயின. அவற்றில் சென்றவர்களில் இலங்கையரும் உளர். விசா ஒரு நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டிருக்கையில், அந்நிறுவனம் நாளை மூடப்பட்டால் அவர்கள் யாரிடம் போவார்கள்? புதிய சட்டத்தின் பேச்சு மேசையில் அவர்களுக்கும் இடமுண்டா என்பதை நமது வேலைவாய்ப்புப் பணியகம் இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.