ஜமாலுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் யார்?

தேநீர் கொடுக்கும் இளைஞன் ஒருவனுக்கு இத்தனை கேள்விகளுக்கும் விடை எப்படித் தெரிந்தது? ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) படத்தின் அச்சாணி இந்த ஐயம்தான். அதைத் தீர்க்கவே ஜமாலைக் காவல் நிலையத்தில் கட்டித் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஆனால் அந்த விடைகளை அவன் சொல்லும் சரளமான ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் அதிகாரிக்கு ஐயமே எழுவதில்லை. எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்ற இப்படத்தை இந்திய வறுமையின் மெய்யான ஆவணம் என்று கொண்டாடுவோர் முதலில் இக்கேள்வியை எதிர்கொள்ள வேண்டும்.

படத்தின் தொடக்கத்தில் சேரிக் குழந்தைகள் இந்தி பேசுகிறார்கள். இந்த யோசனையை முன்வைத்தவர் இணை இயக்குநர் லவ்லீன் டாண்டன். அப்பகுதிக்கு உயிர் இருப்பதும் அதனால்தான். பின்னர் அண்ணனும் தம்பியும் ரயிலிலிருந்து உருண்டு விழுகிறார்கள், வளர்ந்த சிறுவர்களாக எழுகிறார்கள், எதிரே தாஜ்மகால். அந்த நொடியிலிருந்து அவர்கள் மொழி ஆங்கிலம்.

தாஜ்மகாலில் வழிகாட்டியாகத் திரிந்தவன், அழைப்பு மையத்தில் வேலை செய்தவன் ஆங்கிலம் கற்றிருக்கக் கூடாதா எனலாம். கற்றிருக்கலாம். சுற்றுலாப் பயணியிடம் அவன் ஆங்கிலம் பேசுவதற்கு அது விளக்கமாகும். சலீமோடு சண்டையிடும்போதும் லத்திகாவிடம் காதலைச் சொல்லும்போதும் ஆங்கிலம் ஏன்? தாய்மொழி ஒன்றாக இருக்கும் மூவர் தனிமையில் அந்நிய மொழியில் அழுவதற்குச் சமூக மொழியியலில் விளக்கம் கிடையாது. திரைப்படச் சந்தையில் மட்டுமே உண்டு. 2000இல் தொடங்கிய ‘கௌன் பனேகா குரோர்பதி’ இந்தி நிகழ்ச்சி. படத்தில் அதுவும் ஆங்கிலமாகிவிடுகிறது.

இதன் விளைவு சிறியதன்று. மலக்குழியில் விழவும் பிச்சையெடுக்கவும் கலவரத்தில் தாயை இழக்கவும் இந்தி போதும். நினைவுகூரவும் காதலிக்கவும் வெல்லவும் ஆங்கிலம் வேண்டும் என்ற படிநிலையைப் படம் சொல்லாமல் சொல்கிறது. தலைப்பிலுள்ள ‘நாய்’ என்ற சொல்லை எதிர்த்து மும்பையிலும் பாட்னாவிலும் போராட்டங்கள் எழுந்தன. அந்த இழிவு கண்ணுக்குத் தெரிந்தது. இந்த இழிவோ காதில் விழுந்தும் உறைக்கவில்லை.

இது தேவதைக் கதை, இதில் யதார்த்தம் தேடலாமா என்பது வழக்கமான மறுப்பு. அப்படியானால் யதார்த்தத்திற்கான புகழையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர உரிமை கோர இயலாது. உலகப் பார்வையாளருக்கு ஆங்கிலம் தேவை என்பது அடுத்த மறுப்பு. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே!’ (1988) அதே நகரத் தெருக் குழந்தைகளை இந்தியிலேயே பேசவிட்டுக் கான் விழாவில் விருது பெற்றது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது, ஆனால் அந்நிய மொழிப் பிரிவில். ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற 2020இல் ‘பாரசைட்’ வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஜமாலின் ஆங்கிலத்துக்கு என்ன விலை என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

ஏ.ஆர். ரகுமானும் ரசூல் பூக்குட்டியும் பெற்ற விருதுகள் பெருமைக்குரியவை. அப்பெருமை இக்கேள்விக்கு விடையாகாது. தமிழும் மராத்தியும் குஜராத்தியும் உருதும் ஒரே சந்தில் ஒலிக்கும் தாராவியை அறிய இப்படத்தை வகுப்பறையில் திரையிடும் பேராசிரியர்கள், அதை வறுமையின் சான்றாக அல்ல, ஏழையின் வாயில் யார் எந்த மொழியை வைக்கிறார்கள் என்பதற்கான சான்றாகத் திரையிடட்டும்.