"முஸ்", "ஸொல்", "கன்": சின்னச் சொற்களும் எங்கள் விசாவும்

ஊரிலே ஆங்கிலம் படித்தபோது கேன், மே, மஸ்ற், ஷல் எல்லாம் துணைவினைகள் என்று சொல்லித் தந்தார்கள். துணைவினை என்றால் பக்கத்தில் நிற்கிற எடுபிடி மாதிரித்தான் எங்களுக்குப் பட்டது. ஆனால் ஒரு சட்டத்தையோ அரசாங்கக் கடிதத்தையோ எடுத்துப் பாருங்கள், தலைவிதியைச் சொல்வது அந்த எடுபிடிதான்.

1956இல் சிங்களம்தான் ஒரே அரசகரும மொழி என்று சட்டம் போட்டபோது ஆங்கிலத்தில் நின்ற சொல் 'ஷல்'. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றபோதும் அதே 'ஷல்'தான். முதலாவது உடனே எங்கள் ஆட்களின் வேலையிலும் வயிற்றிலும் அடித்தது. இரண்டாவதைக் கந்தோர்களில் தேடிக்கொண்டே இருக்கிறோம். சொல் ஒன்றுதான், அதை நடத்திவைக்கிற ஆட்கள்தான் வேறு.

இங்கே ஜேர்மனிக்கு வந்த பிறகு தலையிடி இரண்டு மடங்கு. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு டொச் சுகம் என்பார்கள். பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் 'மஸ்ற் நொட்' என்றால் செய்யக்கூடாது. டொச்சில் 'முஸ் நிஷ்ற்' என்றால் செய்யத் தேவையில்லை, விரும்பினால் செய்யலாம். தடை என்றால் 'டார்ப் நிஷ்ற்' என்றுதான் சொல்வார்கள். இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு டொக்டர் சொல்வதை, "வெறும்வயிற்றோடு வரவேண்டாம்" என்று தமிழில் சொன்னால் என்ன விளங்கும்? சாப்பிடாமல் வரக்கூடாதா, அல்லது அப்படி வரத் தேவையில்லையா? எங்கள் 'வேண்டாம்' இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது.

'வில்' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அது எதிர்காலம். டொச்சில் விருப்பம். ஆனால் ஒருவர் நடந்து முடிந்ததைப் பற்றிச் சொன்னதோடு அந்தச் சொல் சேர்ந்தால் "அப்படி நடந்ததாக அவர் சொல்கிறார், எனக்குத் தெரியாது" என்று அர்த்தம் மாறிவிடும். 'ஸொல்' சேர்ந்தால் "அப்படிச் சொல்லப்படுகிறது". தமிழில் ஒரு 'ஆம்' போட்டால் போதும்: "கைது செய்யப்பட்டாராம்". ஒரு அகதியின் வழக்கில் அந்த 'ஆம்' எவ்வளவு பாரம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவர் அதை விட்டுவிட்டு "கைது செய்யப்பட்டார்" என்று வாசித்துக் காட்டினால், தன்னை நம்பிவிட்டார்கள் என்றுதான் அந்த மனிதர் நினைப்பார்.

இப்போது விசா. 2005 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த வதிவிடச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, 5ஆவது உட்பிரிவைப் பாருங்கள். வெளியேறவேண்டிய ஒருவர் சட்டக் காரணத்தாலோ நடைமுறைக் காரணத்தாலோ வெளியேற முடியாமல் இருந்தால் வதிவிட அனுமதி வழங்க 'கன்'. நாடுகடத்தல் 18 மாதமாக நிறுத்தப்பட்டிருந்தால் 'ஸொல்'. இரண்டிலுமே, வெளியேற முடியாமல் இருப்பது அவருடைய பிழையாக இருக்கக்கூடாது.

'கன்' என்றால் முடிவு அலுவலர் கையில். ஆனால் அவரும் நினைத்தபடி செய்ய ஏலாது, காரணம் காட்டவேண்டும், அதை நீதிமன்றம் பார்க்கும். 'ஸொல்' என்றால் பொதுவாகக் கொடுக்கத்தான் வேண்டும், வழமைக்கு மாறான சங்கதி இருந்தால்தான் மறுக்கலாம். நிபந்தனை சரியென்றால் கொடுத்தே ஆகவேண்டும் என்பது மூன்றாவது வகை. குடியுரிமைச் சட்டத்தில் 8ஆவது பிரிவு 'கன்', 10ஆவது பிரிவு உரிமை. 2024 ஆனியில் 8 வருடத்தை 5 ஆகக் குறைத்தார்களே, அது இந்தப் பத்தாவது பிரிவில்.

இதையெல்லாம் வீட்டில் யார் வாசிக்கிறார்கள்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "அம்மா, விசா தரலாம் எண்டு போட்டிருக்கு" என்று பிள்ளை சொல்லும். அம்மாவின் காதில் "தருவினம்" என்று விழும். சாமிக்குக் கற்பூரமும் கொளுத்திவிடுவா. பிள்ளையில் குற்றமில்லை. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைத்த எங்களில்தான் குற்றம்.

என் அபிப்பிராயம் இதுதான். எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்ப்பவர்கள் வெறும் 'லாம்', 'வேண்டும்' என்று முடித்துவிடக்கூடாது. "இது அலுவலரின் முடிவு", "பொதுவாகத் தரவேண்டும்", "தந்தே ஆகவேண்டும்" என்று பிரித்துச் சொல்லவேண்டும். இரண்டு சொல் கூடினால் என்ன, குடியா முழுகிவிடும்? கடிதம் வந்தவர்களும் "இதில் கன்னா, ஸொல்லா?" என்று கேட்கப் பழகவேண்டும். 'ஸொல்' இருக்கிற இடத்தில் மறுப்பு வந்தால், கடிதத்தின் கடைசியில் இருக்கிற மேன்முறையீட்டுத் திகதிக்கு முன்னம் சட்டத்தரணியிடமோ ஆலோசனை நிலையத்திடமோ ஓடவேண்டும்.

1949இல் எழுதிய ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் முதல் வசனத்தில் இந்தத் துணைவினை ஒன்றுமே கிடையாது. மனித மாண்பு தீண்டப்படாதது, அவ்வளவுதான். 'கன்'னும் இல்லை, 'ஸொல்'லும் இல்லை. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. ஆனால் கந்தோரில் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறவனுக்கு உதவுவது 25ஆவது பிரிவில் இருக்கிற அந்தச் சின்னச் சொல்தான். அதைச் சரியாகப் படிப்போம்.