பணம் ஜெயிக்குமா, திறமை ஜெயிக்குமா?



மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? நம் தென் மாவட்டங்களில் பெரிய மாட்டு வண்டி, சின்ன மாட்டு வண்டி, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் பந்தயம் நடத்துவார்கள். ஏன் தெரியுமா? பெரிய மாட்டோடு பூஞ்சிட்டு மாட்டை ஓடவிட்டால், கிளம்பும் முன்பே முடிவு தெரிந்துவிடும். அப்புறம் அதற்குப் பெயர் பந்தயமா?

இதே கேள்விதான் உலகின் மிகப் பெரிய கார் பந்தயமான பார்முலா-1 போட்டியையும் பல ஆண்டுகளாக ஆட்டிப் படைத்தது. அங்கே ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும். பணக்கார அணிகள் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் செலவழித்தன. சிறிய அணிகளுக்கு அதில் பாதி கிடைப்பதே பெரும்பாடு. யார் ஜெயித்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

"செலவைக் குறையுங்கள்" என்று விதி போட்டால் என்ன? போட்டார்கள். அதில் நம் தமிழ்நாட்டு வீரர்களின் கதையும் இருக்கிறது.

கோவையின் சிக்கன கார்

கோவையைச் சேர்ந்த கரிவரதன் ஒரு பந்தய வீரர். கார் வடிவமைப்பாளரும்கூட. வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்க நம் இளைஞர்களால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால், 1980-களின் கடைசியில் மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்தார். அதன் பெயர் பார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஜின், விலையும் குறைவு. ஆகவே, நன்றாக ஓட்டுபவர் ஜெயித்தார்.

அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, பார்முலா-1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார்.

ஆறே கார்கள் ஓடிய பந்தயம்

அதே 2005-ல் செலவையும் வேகத்தையும் குறைக்கப் புதிய விதிகள் வந்தன. ஓர் இன்ஜின் இரண்டு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும். தகுதிச் சுற்றில் போட்ட டயர்களோடுதான் பந்தயம் முழுவதும் ஓட வேண்டும்.

ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பந்தயம். அங்குள்ள சரிவான வளைவை மிச்சலின் நிறுவன டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ஒரு கார் விபத்துக்குள்ளானது. பந்தயத்தின் நடுவே விருப்பம்போல் டயர் மாற்றவும் விதி இடம் தரவில்லை. அதனால் அந்த டயர் போட்ட 14 கார்கள், பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட்டன. மிஞ்சியவை ஆறே கார்கள்! அதில் நான்காவதாக வந்த நரேனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன.

அடுத்த ஆண்டே டயர் விதி மாற்றப்பட்டது. இதில் என்ன பாடம்? களக்காட்டில் வாழை போடுகிறவர்களைக் கேளுங்கள். பல செலவுகளைக் குறைக்கலாம். முட்டுக் கம்பில் சிக்கனம் பார்த்தால், ஒரு காற்றில் தாரோடு வாழை சாய்ந்துவிடும். பாதுகாப்பு என்பது அந்த முட்டுக் கம்பு மாதிரி.

காற்றில் போன வாக்குறுதி

2008-ல் உலகம் முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. ஹோண்டா நிறுவனம் பந்தயத்தை விட்டே விலகியது. உடனே, "2010 முதல் ஓர் அணி ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுதான் செலவழிக்கலாம்" என்று ஒரு திட்டம் வந்தது. பெரிய அணிகள் கொதித்தன. "நாங்கள் விலகிவிடுவோம்" என்று மிரட்டின. திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால், அந்தத் திட்டத்தை நம்பி மூன்று புதிய அணிகள் வந்துவிட்டனவே! அவற்றில் ஒன்று ஸ்பெயினின் எச்.ஆர்.டி. அணி. 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் அந்தக் காரில் முதல் சுற்று ஓட்டியதே எப்போது தெரியுமா? பஹ்ரைன் பந்தயத்தின் தகுதிச் சுற்றில்தான்! பாடம் படிக்காமல் நேரே பரீட்சை அறைக்குப் போன மாதிரி.

அடுத்த இரு ஆண்டுகள் நரேன் அந்த அணிக்கு ஓட்டினார். தகுதிச் சுற்றில் வேகமான கார் ஒரு சுற்றை 100 வினாடியில் முடித்தால், மற்றவர்கள் 107 வினாடிக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 2011, 2012 இரண்டிலும் ஆஸ்திரேலியாவில் எச்.ஆர்.டி. கார்களால் அது முடியவில்லை. ஒரு புள்ளிகூட எடுக்காமல், 2012 முடிவில் அணி மூடப்பட்டது. மற்ற இரு புதிய அணிகளும் சில ஆண்டுகளில் மறைந்துபோயின.

இப்போது என்ன நிலை?

ஒருவழியாக 2021-ல் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. ஓர் அணிக்கு ஆண்டுக்கு 14.5 கோடி டாலர். ஒரு டாலரை 80 ரூபாய் என்று வைத்தாலே 1,160 கோடி ரூபாய்! ஓட்டுநர் சம்பளம், விளம்பரச் செலவு போன்றவை இந்தக் கணக்கில் சேராது.

அந்த முதல் ஆண்டிலேயே ரெட் புல் அணி வரம்பைத் தாண்டியது. 70 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. காற்றைப் பாய்ச்சிக் காரைச் சோதிக்கும் நேரமும் குறைக்கப்பட்டது. விதி எழுதினால் போதுமா? கணக்குப் பார்க்க ஆளும் வேண்டும், தவறினால் தண்டனையும் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையான விதியும் உண்டு. முதலிடம் பிடித்த அணிக்கு அந்தச் சோதனை நேரம் மிகக் குறைவு. கடைசி அணிக்கு மிக அதிகம். வகுப்பில் பின்தங்கிய மாணவனுக்கு ஆசிரியர் கூடுதல் நேரம் ஒதுக்குவதில்லையா, அது போல!

பலன் கிடைத்ததா? 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தவித்த மெக்லாரன் அணி, 2024-ல் அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 1998-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2026 முதல் கார்களுக்குப் புதிய விதிகள். உச்சவரம்பும் 21.5 கோடி டாலராக உயர்ந்தது. விலைவாசி ஏறியிருக்கிறது, முன்பு சேராத சில செலவுகளும் கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் குழந்தைகளே, ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சிக்கனமெல்லாம் உச்சியில் இருக்கும் அணிகளுக்குத்தான். அங்கே போய்ச் சேரும் வழி இன்னும் பணக்கார வழிதான். சிறு வயதில் கார்ட் எனும் குட்டிக் காரில் தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் பெரும் பணம் வேண்டும். 2012-ல் நரேன் விலகிய பிறகு, 2025 முடிய எந்த இந்தியரும் பார்முலா-1 பந்தயத்தில் ஓட்டவில்லை.

மேலே உச்சவரம்பு போட்டது நல்லதுதான். கீழே கரிவரதன் செய்தது போல மலிவான, எல்லோருக்கும் ஒரே மாதிரியான கார்களும் வேண்டும். அப்போதுதான் களக்காட்டுப் பிள்ளைக்கும் வழி திறக்கும்.

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் விலை உயர்ந்த ஷூ போட்டு ஓடுகிறான். இன்னொருவன் வெறுங்காலோடு ஓடுகிறான். நீங்கள் நடுவராக இருந்தால் என்ன விதி போடுவீர்கள்? நண்பர்களோடு பேசிப் பாருங்கள்!