முதல் பறவையை மட்டும் எழுதாதீர்கள்

மார்ச் மாதத் தொடக்கம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே இருக்கும் ஈரி ஏரியின் கரையில் மரங்கள் இன்னும் மொட்டையாகவே நிற்கின்றன. சில ஆண்டுகளில் நீரில் பனிக்கட்டிகூட மிதந்துகொண்டிருக்கும். அந்தக் குளிரிலும், சதுப்பு நிலத்தில் காய்ந்து நிற்கும் கோரைத் தண்டைப் பற்றிக்கொண்டு ஒரு கரும்பறவை குரல் கொடுக்கிறது. அதன் தோளில் சிவப்புப் பட்டை. அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு. சிவப்புத்தோள் கரும்பறவை என்று நாம் இதை அழைக்கலாம். ஆண் பறவைகள் முதலில் வந்து இடம் பிடிக்கும். பெண் பறவைகள் பிறகு வந்து சேரும். குளிர்காலம் முடியப்போகிறது என்பதற்கு அந்த வட்டாரத்தில் இது ஓர் அடையாளம்.

ஒவ்வோர் ஆண்டும் “முதல் பறவையைப் பார்த்தது நான்தான்” என்று சொல்வதில் அங்குள்ள பறவை ஆர்வலர்களுக்குத் தனிப் பெருமை. அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் மாணவர்களே, அந்த ஒரு தேதியை மட்டும் குறித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டால் அறிவியலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

ஏன் என்று பாருங்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு மாணவர் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறார். அவரை வைத்து “இந்தப் பள்ளி ஆறு மணிக்குத் தொடங்குகிறது” என்று சொல்ல முடியுமா? முதலில் வரும் பறவையும் அப்படித்தான். கூட்டத்தில் பெரும்பாலானவை எப்போது வந்தன என்பதை அது சொல்லாது.

அடுத்து, முதல் பறவை நம்மை ஏமாற்றவும் கூடும். செந்நிற மார்புடைய அமெரிக்க ராபின் வசந்தத்தின் தூதுவன் என்று அங்கே பெயர் பெற்றது. ஆனால் பழங்கள் கிடைத்தால் சில ராபின்கள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே காட்டுக்குள் தங்கிவிடும். பிப்ரவரியில் நீங்கள் பார்க்கும் “முதல் ராபின்” ஊரைவிட்டுப் போகாத பறவையாகவே இருக்கலாம்!

மூன்றாவது காரணம் நம் கண்கள். ஒரு கரையில் பத்துப் பேர் பார்ப்பதற்கும் ஆயிரம் பேர் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. பார்ப்பவர்கள் கூடினால் முதல் பறவை சீக்கிரமாகவே கண்ணில் படும். பறவை முன்னதாக வந்ததா, அல்லது தேடியவர்கள் அதிகமானார்களா? ஒரே ஒரு தேதியை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது.

இந்த விடை ஏன் முக்கியம்? பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்ற சிறு பறவையை எடுத்துக்கொள்வோம். பத்து கிராம் அளவே எடை கொண்ட இது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழித்து, மே மாதத்தில் ஈரி ஏரிக்கரையை வந்தடைகிறது. கரும்பறவை அமெரிக்காவுக்குள்ளேயே தெற்கிலிருந்து வருவதால், வானிலையைப் பார்த்துப் பயணத்தை ஓரளவு முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும். ஆண்டீஸ் மலையில் இருக்கும் வார்ப்ளருக்கோ வடக்கே பனி எப்போது உருகியது என்பது எப்படித் தெரியும்? உள்ளிருக்கும் உயிர்க்கடிகாரமும் பகற்பொழுதின் நீளமுமே அதற்குப் பெரும்பாலும் நாள்காட்டி. பூமி சூடாகி, இலைகளும் அவற்றைத் தின்னும் புழுக்களும் முன்கூட்டியே வந்துவிட்டால், பறவை வருவதற்குள் விருந்து முடிந்துவிடக்கூடும். அதன் பாதிப்பு குஞ்சுகளைச் சேரும்.

இதைக் கண்டறிய நீண்டகாலப் பதிவுகள் வேண்டும். அமெரிக்கப் பறவையியலாளர் வெல்ஸ் குக் 1881இல் இதற்கான முயற்சியைத் தொடங்கினார். பல ஊர்களில் இருந்த தன்னார்வலர்கள் சிறு அட்டைகளில் குறிப்பெழுதி அனுப்பினார்கள். 1970 வரை ஏறக்குறைய அறுபது லட்சம் அட்டைகள் சேர்ந்தன. முதலில் பார்த்த நாள், அடுத்துப் பார்த்த நாள், பறவை பரவலாகத் தென்பட்ட நாள், கடைசியாகப் பார்த்த நாள் என அந்த அட்டைகளில் தனித்தனி இடங்கள் இருந்தன. முதல் நாள் மட்டும் போதாது என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் இணையத்தளமும், பட்டியலை அனுப்புபவரிடம் “அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறிப்பிட்டீர்களா?” என்று கேட்கிறது. எல்லாவற்றையும் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும்.

ஆகவே, எதுவும் தென்படாத நாளையும் எழுதுங்கள். “அரை மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் இல்லை” என்பதும் ஒரு தரவுதான்.

நம் வட்டாரத்தில் இது இன்னும் பொருந்தும். ஈரி ஏரிக்கு வரும் பறவைகளும் இங்கு வருபவையும் ஒரே பாதையில் பறப்பவை அல்ல. ஆனால் வடக்கின் வசந்தம் நமக்கு வழியனுப்பும் காலம். சுங்கை பூலோ சதுப்புநிலத்திலும் கோலசிலாங்கூர்க் கரையோரத்திலும் காணப்படும் பவளக்காலிகளும், மலேசிய நகரங்களின் மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்களும் வட ஆசியாவை நோக்கிக் கிளம்பும் காலம் அது. அங்கே “முதலில் பார்த்த நாள்” என்றால், இங்கே “கடைசியாகப் பார்த்த நாள்”. வந்த பறவை தானே கண்ணில் படும். போன பறவை சொல்லிக்கொண்டு போகாது. அது போன பிறகும் தொடர்ந்து பார்த்து, “இன்று இல்லை” என்று எழுதியவருக்கு மட்டுமே அந்தக் கடைசி நாள் தெரியும்.

பிப்ரவரி முதல் மே வரை, வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், இருபது நிமிடம். தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சுழியம் போடுங்கள். அந்தச் சுழியத்துக்கு மதிப்பு உண்டு.