சிஸ்டத்துல அப்படித்தான் வருது!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சம்பள நாளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. ஓவர்டைம் குறைகிறதா? சிஸ்டம். எதற்குப் பிடித்தார்கள் என்று புரியவில்லையா? அதுவும் சிஸ்டம். பாவம், கம்ப்யூட்டர் வாயில்லா ஜீவன். ஒரு பி.காம். மாணவன் அதற்கு வக்காலத்து வாங்கினால் தப்பில்லை.

கம்ப்யூட்டர் என்றாலே இன்ஜினியரிங் பசங்க சொத்து என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் அலுவலகக் கணக்குக்கு அதை முதலில் இறக்கியது லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி. 'லியோ' என்ற மெஷினைத் தாங்களே கட்டி, 1951-ல் பேக்கரிக் கணக்குப் போட்டார்கள். சில வருடங்களில் ஊழியர் சம்பளமும் அதில் ஏறியது.

நம்ம ஊருக்கு வருவோம். திருவள்ளூர் மின்சார ரயிலில் போனால் பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவே ஐ.சி.எஃப். வருமே, அது உட்பட ரயில்வேயின் பல இடங்களுக்கு 1960களில் ஐ.பி.எம். 1401 வந்தது. சம்பளப் பட்டியல், ஸ்டோர் கையிருப்பு, வருவாய்க் கணக்கு எல்லாம் அதில் போட்டார்கள். அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது!

அந்தக் காலத்து முறையைக் கவனியுங்கள். வருகை, கூலி விகிதம், பிடித்தம் எல்லாம் அட்டையில் ஓட்டையாக வேண்டும். ஒருவர் குத்தியதை இன்னொருவர் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். அதன் பிறகே மெஷினுக்குப் போகும். அட்டையில் இல்லாத மணிநேரம் மெஷினுக்குத் தெரியாது. இன்றைய சாஃப்ட்வேரும் அதே ஜாதிதான், கொடுத்ததைத்தான் கூட்டும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஒப்பந்த வேலைக்குப் போகிறார். கேட்டில் விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் கூலி போச்சு. ஆனால் அவருடைய ஓவர்டைம் மட்டும் சூப்பர்வைசரின் பாக்கெட் நோட்டில்! பிடிக்க மெஷின், கொடுக்க நோட்டு. இதில் சிஸ்டம் செய்த குற்றம் என்ன?

"சின்ன கான்ட்ராக்டர், வசதி இல்லை" என்பார்கள். அறை நிறைய மெஷினை வைத்து அன்று போட்ட கணக்கை இன்று அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் போடும். வசதி இருக்கிறது, மனசுதான் இல்லை. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. சம்பளச் சீட்டு ஒவ்வொரு முதலாளியும் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2019-ல் இயற்றி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. சீட்டு கேட்பது சண்டை போடுவது ஆகாது.

கடைசியாக, என் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு அக்கவுண்ட்ஸ் நாற்காலியில் உட்காரப் போவது நாம்தான். சீட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி வந்து நின்றால், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உள்ளே என்ன போட்டோம் என்று திறந்து காட்டுங்கள். படித்த படிப்புக்கு அதுவாவது செய்வோம்.