பாலத்தின் கீழே ஒரு சாண்

மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றுரைத்தார் வள்ளுவப் பெருந்தகை. அவர் சுட்டியது எடையின் அளவை. இன்றைய சாலைகளோ உயரத்திற்கும் ஓர் அளவுண்டு என்பதை நமக்கு உணர்த்துகின்றன. வைக்கோல், பஞ்சு போன்ற எடை குறைந்த சரக்குகளே லாரிகளில் மலைபோல் அடுக்கப்படுகின்றன. எடைமேடை அவற்றைத் தடுப்பதில்லை, பாலமே தடுக்கிறது.

தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அயலார் செய்தியன்று. 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அந்த இருப்புப் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே செல்வதால், கிழக்கிலிருந்து மேற்கே செல்ல விரும்பும் எவரும் ஒன்று மேலேறிச் செல்ல வேண்டும். அன்றேல் கீழிறங்கிச் செல்ல வேண்டும். ஒரகடம், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கான சரக்குப் பெட்டகங்களும் இவ்வழியே செல்கின்றன.

சட்டம் இதனை எண்ணிப் பாராமல் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பெட்டகம் ஏற்றிய வண்டிக்கு 4.52 மீட்டரும், இரட்டை அடுக்குப் பேருந்துக்கு 4.75 மீட்டரும் உச்ச உயரமாக வகுத்துள்ளன. நகர்ப்புறப் பாலங்களின் அடியில் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறி. உயரம் மீறிச் சுமை ஏற்றினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி தண்டம் ரூ.20,000. அங்ஙனமாயின் மோதல்கள் நிகழ்வது ஏன்?

பலகையில் எழுதிய எண் மாறுவதில்லை. சாலை மாறுகிறது என்பதே விடை. பழைய தாரின் மீதே புதிய தாரை இடுந்தோறும் தரை உயர்கிறது, இடைவெளி குறைகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது இங்கு நினைவுகூரத்தக்கது. மேலும், பள்ளமான சுரங்கப் பாதையில் நீண்ட வண்டியின் சக்கரங்கள் இருபுறச் சரிவுகளிலும் நிற்க, அதன் நடுப்பகுதி தரையினின்றும் கூடுதல் உயரத்தில் நிற்கும். சுமையோடு சென்ற வண்டி வெறுமையாகத் திரும்புங்கால் அதன் வில்தகடுகள் தளர்ந்து சற்றே உயரும். போகும்போது நுழைந்த லாரி, வரும்போது முட்டக்கூடும்! இத்தனையையும் ஓட்டுநர் ஒருவரே கணித்தறிய வேண்டும் என்பது எவ்வகை நீதி?

வட அமெரிக்காவில் டர்ஹாம் நகரின் இரயில் பாலம் ஒன்று 11 அடி 8 அங்குல உயரமே உடையதாயிருந்தது. எச்சரிக்கை விளக்குகள் இருந்தும் லாரிகளின் கூரைகளை அது உரித்தெடுத்து வந்தது. 2019இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினர். மோதல்கள் குறைந்தனவேயன்றி ஓயவில்லை. எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

நம் அருகிலேயே பரங்கிமலை நிலையத்தில் 2018 ஜூலை 24 அன்று நிகழ்ந்ததை மறத்தல் இயலுமா? வழக்கமான தடத்தினின்றும் வேறு தடத்திற்கு மாற்றிவிடப்பட்ட தொடர்வண்டியில் தொங்கிச் சென்றோர், நடைமேடையை ஒட்டிய சுவரில் மோதி உயிரிழந்தனர். அன்றாடம் பழகிய வண்டிதான். இடைவெளி ஒன்றே மாறியிருந்தது. லாரியாயினும் மனித உடலாயினும், மாறிய அளவை அறியாமையே கேட்டிற்கு வித்து.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. சாலை புதுப்பிக்கப்படுந்தோறும் பாலத்தின் இடைவெளியை மீண்டும் அளந்து பலகையைத் திருத்துக. பாலத்தை அடையுமுன், வண்டி திரும்பிச் செல்ல வழியுள்ள இடத்திலேயே உயரத் தடுப்புச் சட்டத்தை நிறுவுக. சரக்கை ஏற்றிவிடும் நிறுவனமே அதன் உயரத்தை அளந்து, ஓட்டுநர் கையில் எழுதிக் கொடுக்கட்டும்.

பாதையிலுள்ள இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது மட்டுமா அறம்? தவறான எண்ணைத் தாங்கி நிற்கும் பலகையைத் திருத்தச் செய்வதும் அதுவேயாகும். கல்லூரி மாணவர்கள் அளவுநாடாவும் குறிப்பேடும் ஏந்தி, நம் பகுதிச் சுரங்கப் பாதைகளின் உயரத்தை உரியோர் இசைவுடன் அளந்து, மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அளிப்பார்களாயின், அது ஏட்டுக் கல்வியினும் மேலான கல்வியாகும். ஒரு சாண் இடைவெளியில் ஓர் உயிர் தப்புமெனில், அந்தச் சாணை அளப்பது நம் கடனன்றோ!